வரப்பில் நிற்கும் செல்கள்

பாளையங்கோட்டையில் உள்ள தனியார் திசு ஆய்வகம் ஒன்றில் 22 ஆண்டுகளாகத் தொழில்நுட்பராகப் பணியாற்றி வருகிறேன். அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட சதைத் துண்டு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் ஊற்றிய டப்பாவில் எங்களிடம் வந்து சேரும். அதை ஆல்கஹாலில் நீர் நீக்கி, சைலீனில் தெளியவைத்து, உருகிய பாரஃபின் மெழுகில் புதைத்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் 3 அல்லது 4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் சீவி, சாயமிட்ட ஸ்லைடாக எங்கள் மருத்துவர் அம்மாவின் மேசையில் வைப்பதுடன் என் வேலை முடிந்துவிடும். கத்திரி வெயில் நாட்களில் மெழுகு இளகிச் சீவல் சுருண்டுகொள்ளும் என்பதால், பிளாக்குகளை ஐஸ் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருப்போம். ரிப்போர்ட் போன பிறகு பிளாக் அலமாரிக்குப் போகும். மேல் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் கேட்டு வாங்கிச் சென்றாலொழிய, அதை மறுபடி யாரும் தொடுவதில்லை. சாறு பிழிந்த கரும்புச் சக்கையைப் போலத்தான் நானும் அவற்றை எண்ணியிருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியூர் ஆய்வுக் குழு ஒன்று, உரிய நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன், பழைய குடல் புற்றுநோய் பிளாக்குகளைக் கேட்டு வந்தது. வந்த இளைஞர் நோயாளியின் வயதையும் நோயின் நிலையையும் ஏட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதன்பின் அவர் கேட்டவை எனக்குப் புதியவையாக இருந்தன. உடலிலிருந்து வெட்டியெடுத்து எத்தனை நிமிடம் கழித்துச் சதை ஃபார்மலினில் விழுந்தது, எத்தனை மணி நேரம் அதில் கிடந்தது, இந்த பிளாக்கில் கட்டியின் ஓரம் எந்தப் பக்கம், நடு எந்தப் பக்கம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குச் சற்று எரிச்சல் வந்தது. "தம்பி, சதைதான் முழுசா உள்ள இருக்கே, பொறவு அது எந்தப் பக்கம் இருந்ததுன்னு எதுக்குக் கேக்கீய?" என்றேன். "அண்ணாச்சி, அந்தப் பக்கம்தான் எங்களுக்கு வேணும்" என்றார் அவர்.

அவர் விளக்கியதை என் ஊர்க் கணக்கில்தான் என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒரே மண், ஒரே விதை நெல். ஆனாலும் விளைச்சல் ஒன்றல்ல. இரண்டின் நெல்லையும் ஒரே குவியலாகக் கொட்டி மாதிரி எடுத்தால், கடைமடை ஏன் காய்ந்தது என்பதை அந்தக் குவியல் ஒருபோதும் சொல்லாது. மரபணு ஆய்வு நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. திசுவை அரைத்து, எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று சராசரி கண்டார்கள். பின்னர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பிரித்துப் படிக்கும் முறை வந்தது. அது பெரிய முன்னேற்றம்தான், ஆனால் பத்தமடைப் பாயைப் பிரித்துக் கோரைகளை நிறவாரியாக எண்ணி வைத்தது போன்ற முன்னேற்றம். எத்தனை சிவப்பு, எத்தனை பச்சை என்று தெரியும். பாயில் என்ன கோலம் இருந்தது என்பது தெரியாது. கட்டிக்குள்ளும் தலைமடை கடைமடை உண்டு. இரத்த நுண்குழாயிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரான் தள்ளியிருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் சரிவரக் கிடைப்பதில்லை. அதற்கேற்ப அதன் நடத்தையும் மாறிவிடுகிறது. செல்லை அதன் இடத்திலேயே வைத்துப் படிக்கும் துறையைத்தான் இடஞ்சார் உயிரியல் என்கிறார்கள்.

2016-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட முறையை அவர் தாளில் வரைந்து காட்டினார். கண்ணாடித் தகட்டின் மேல் வரிசையாக நுண்ணிய புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கே உரிய டி.என்.ஏ. எழுத்து வரிசை, வீட்டுக்குக் கதவு எண் போல. அதன்மேல் திசுச் சீவலைப் படியவைத்து, செல்களைக் கசியச் செய்தால், அவற்றிலுள்ள ஆர்.என்.ஏ., அதாவது மரபணு செயல்படும்போது உருவாகும் செய்தி நகல், நேர்கீழே இறங்கி அந்தப் புள்ளியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிப் படித்தாலும், எந்தச் செய்தி எந்தக் கதவிலிருந்து வந்தது என்று கணினி பிரித்துவிடும். தொடக்கத்தில் புள்ளி 100 மைக்ரான் அகலம். பின்னர் சந்தைக்கு வந்த தகடுகளில் 55 மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தைவிடச் சற்றுக் குறைவு. இப்போது 2 மைக்ரான் வரை இறங்கிவிட்டது. முதலில் உறையவைத்த திசுவுக்கு மட்டுமே பொருந்திய இந்த வழி பின்னர் மெழுகு பிளாக்குக்கும் வந்தபோதுதான் என் அலமாரிக்கு மதிப்பு வந்தது. 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழ் 2020-ஆம் ஆண்டின் சிறந்த முறையாக இதையே தேர்ந்தெடுத்தது.

இடம் முக்கியம் என்பதை அதற்கு முன்பே, 2006-இல், பாரிஸில் ஜெரோம் கலோன் குழுவினர் குடல் புற்றுநோயில் காட்டியிருந்தனர். நோயெதிர்ப்பு செல்கள் எவை, எத்தனை, கட்டியின் நடுவிலா ஓரத்திலா என்பவற்றைக் கொண்டு நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்க முடிந்தது. சில கட்டிகளில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் திரளாக வந்து, ஓரத்து நார்த்திசுவிலேயே நின்றுவிடுகின்றன. களை எடுக்க வந்த ஆட்கள் வயலில் இறங்காமல் வரப்பிலேயே நிற்பது போன்ற காட்சி அது. அரைத்து எண்ணினால் ஆள் கணக்கு சரியாக இருக்கும். களை மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். இந்தக் காட்சியை ஸ்லைடில் நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். அதற்கு ஒரு பொருள் உண்டு என்று எண்ணியதில்லை.

2020-இல் ஸ்டான்ஃபோர்டில் கேரி நோலனின் குழு, 35 குடல் புற்றுநோயாளிகளின் மெழுகு பிளாக்குகளிலிருந்து 140 திசுப் பகுதிகளை எடுத்து, ஒரே சீவலில் 56 புரதங்களைச் சுற்றுச் சுற்றாகச் சாயமிட்டுப் பார்த்தது. செல்கள் ஒன்பது வகை அக்கம்பக்கங்களாகக் கூடி வாழ்வது தெரிந்தது. என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த முடிவு ஒன்று அதில் உண்டு. நோய் கடுமையாக இருந்த பிரிவினருள் சிலரில், பி.டி.1 புரதம் தாங்கிய ஒருவகை டி செல், கிரானுலோசைட்டுகள் என்ற ஒருவகை வெள்ளணுக்கள் மிகுந்த அக்கம்பக்கத்தில் இருந்தபோது மட்டுமே நீண்ட ஆயுளோடு தொடர்பு காட்டியது. அதே செல் வேறு தெருவில் இருந்தால் அந்தத் தொடர்பு இல்லை.

புற்றுநோயை விட்டுத் தள்ளிச் சென்று ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுதான் என் ஐயத்தைப் பெருமளவு தீர்த்தது. சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல், தீப்பட்டது போல உடலெங்கும் தோல் உரிந்துபோகும் டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் என்ற கொடிய நோய் உண்டு. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மத்தியாஸ் மான் குழுவினர், சேமித்து வைக்கப்பட்டிருந்த தோல் பிளாக்குகளில் பாதிக்கப்பட்ட செல்களை மட்டும் லேசரால் வெட்டியெடுத்து அவற்றின் புரதங்களை ஆராய்ந்தனர். ஜே.ஏ.கே. என்ற சமிக்ஞைப் பாதை அங்கே கட்டுமீறி எரிந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே வேறு நோய்களுக்குப் பயன்பாட்டில் இருந்தன. அவற்றை ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்ததில் ஏழு பேரும் தேறினர். 2024-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. ஏழு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் யாரோ ஒரு தொழில்நுட்பர் சீவி எடுத்துவிட்டு அலமாரியில் வைத்த மெழுகுக் கட்டி, அடுத்த நோயாளியின் படுக்கை வரை போயிருக்கிறது.

நிணநீர்க் கணுவில் காசநோய் முடிச்சு எங்களிடம் அடிக்கடி வருவது. அந்த முடிச்சின் உட்புறமுள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் கிருமியைச் சூழ்ந்து நிற்பதோடு, தற்காப்பை அடக்கும் புரதங்களையும் தாங்கியிருக்கின்றன என்பதை 2022-இல் இத்தகைய ஆய்வு காட்டியது. காவலாளியே கதவைத் திறந்துவிடுவது போன்றது அது.

இனி என் பிளாக்குகளின் கதைக்கு வருகிறேன். நான் கொடுத்தனுப்பியவற்றில் கணிசமானவை தரச் சோதனையிலேயே கழிந்துபோயின. ஆர்.என்.ஏ. பொடிப்பொடியாக முறிந்திருந்ததாக மின்னஞ்சல் வந்தது. ஏட்டைப் புரட்டினேன். அவற்றுள் பல ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவை. அங்கே முழுக் குடல் துண்டையும் ஊறுகாய் பாட்டில் அளவுள்ள டப்பாவில் திணித்து, மேலே இரண்டு விரற்கடை ஃபார்மலின் ஊற்றி அனுப்புவார்கள். சதையைப் போலப் பத்து மடங்கு திரவம் வேண்டும் என்பது பாடநூல் கணக்கு. பொங்கல் விடுமுறையில் ஃபார்மலின் இல்லாமல் வெறும் சலைன் உப்பு நீரில் இரண்டு நாள் கிடந்து வந்த துண்டும் ஒன்று இருந்தது. அப்போதெல்லாம் நான் முகம் சுளித்தேனே தவிர, ஏட்டில் எழுதவில்லை. ரிப்போர்ட் சொல்லும் அளவுக்குச் சாயம் ஏறிவிட்டது, அது போதும் என்று விட்டுவிட்டேன். குறை அந்த மருத்துவமனையுடையது என்றால், எழுதாமல் விட்ட பாதி என்னுடையது.

இந்த முறைகளால் எங்கள் நோயாளிகளுக்கு நாளையே பயன் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரு சீவலுக்கு ஆகும் செலவு பீடி சுற்றும் குடும்பம் ஒன்றின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். பல தகடுகளில் திசு வைக்கும் சதுரம் 6.5 மில்லிமீட்டர்தான் என்பதால், பெரிய கட்டியில் எந்த மூலையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. வாய்ப் புற்றுநோயோடு வருபவருக்கு இன்றும் ஹிமடாக்சிலின் ஈயோசின் சாயமும் மருத்துவர் அம்மாவின் கண்ணும்தான் தீர்ப்புச் சொல்கின்றன. அதில் எனக்குக் குறையும் இல்லை. கலோனின் கண்டுபிடிப்பு பல நாட்டு நோயாளிகளில் சரிபார்க்கப்பட்டு வெளிவரவே 2018 ஆயிற்று.

ஆனாலும் எங்கள் வேலையில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். துண்டின் ஓரங்களுக்கு நிற மை தடவும்போது எந்த நிறம் எந்தப் பக்கம் என்பதைப் படமாகவே ஏட்டில் வரைகிறேன். மருத்துவமனைகளுக்கு நாங்களே அகன்ற வாய் டப்பாக்களைக் கொடுத்தனுப்புகிறோம். மூடியின் மேல் நேரம் எழுத ஒரு கட்டம் அச்சிட்டிருக்கிறோம். முதல் இரண்டு மாதம் அந்தக் கட்டம் காலியாகவே வந்தது. சென்ற வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்தில் வந்த டப்பா ஒன்றில், அறுவை அரங்கு உதவியாளரின் கோணல் எழுத்தில், "வெட்டினது 9.40, மருந்துல போட்டது 9.52, நூல் கட்டின பக்கம் மேல்" என்று இருந்தது. நூல் அவிழாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் ஏட்டைத் திறந்தேன்.