வணிகவியல் படித்தவள் அறிவியல் பாடம் எடுக்கத் தயாரானது

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்துவிட்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். இடைநிலை ஆசிரியர் என்றால் ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பாடங்களையும் நாமே எடுக்க வேண்டும். தமிழும் கணக்கும் என்னைப் பயமுறுத்தவில்லை. பத்தாம் வகுப்போடு கைகழுவிய அறிவியல்தான் வயிற்றைக் கலக்கியது. இதே கலக்கத்தோடு கலைப் பிரிவிலிருந்து வருகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டின் பெரும்பகுதி எழுதுவதிலேயே கழிந்தது. நுண்ணிலைக் கற்பித்தல் (சக மாணவர்கள் முன் சில நிமிடங்கள் மட்டும் பாடம் எடுத்துப் பழகுவது), பாடக்குறிப்பு, மற்றவர் வகுப்பை உற்றுநோக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு. கூடவே சார்ட், தெர்மாகோல் மாதிரிகள். தெர்மாகோல் எரிமலை கண்காட்சி மேசையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குழந்தை அதை வைத்துக்கொண்டு எதையும் செய்து பார்க்க முடியாது. பதிவேட்டுக்குப் போன இரவுகளில் பாதியாவது சோதனைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு.

அறிவியல் கற்பித்தலுக்கு வந்த விரிவுரையாளர் முதல் நாளே புத்தகத்தை மூடச் சொன்னார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டார்ச் செல், ஒரு சிறிய இழை பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர். "எரிய வையுங்கள்" என்றார், அவ்வளவுதான்.

"இன்னொரு ஒயர் வேண்டும் மேடம்" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. அவர் கொடுக்கவில்லை. பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான், அடியில் இருக்கும் புள்ளி ஒரு முனை, பக்கவாட்டு உலோகம் இன்னொரு முனை என்பது கண்ணில் பட்டது. புள்ளியைச் செல்லின் குமிழ் மேல் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து ஒயரைச் செல்லின் அடிக்குக் கொண்டுபோனால் பல்பு எரிந்தது. மின்சாரம் பல்புக்குள் போய் அங்கேயே முடிந்துவிடுவதில்லை, சுற்றி வந்தாக வேண்டும் என்பதை அன்று என் விரல்களே கண்டுபிடித்தன.

அடுத்தது, தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கண்ணாடி டம்ளரால் மூடும் சோதனை. சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஏன்? "ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம், தண்ணீரும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறியது. பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்? மேடம் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றினார். அதே டம்ளர்தான், தண்ணீர் இன்னும் மேலே போயிற்று. ஆக்சிஜன் மூன்று மடங்காகிவிடாதே! பிறகு ஒரு தோழி அதைக் கைப்பேசியில் மெதுவியக்கத்தில் படம் பிடித்தாள். டம்ளரை மூடும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதும், சுடர் அணைந்த பிறகே தண்ணீர் விறுவிறுவென ஏறுவதும் தெளிவாகத் தெரிந்தன. சூட்டில் விரிந்த காற்று வெளியே போகிறது, மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது.

பள்ளியில் தொழில்நுட்பத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று எனக்குக் காட்டியது அந்தக் காணொளிதான். பாடநூலின் க்யூஆர் குறியீட்டை வருடி, சோதனைக்குப் பதிலாகப் படத்தை ஓடவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கைக்கு எட்டுவதைக் கையால் செய்ய வேண்டும். கண்ணுக்கு எட்டாததற்கு, துடிக்கும் இதயத்துக்கோ கோள்களுக்கோ, திரை வரட்டும்.

கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். கிளம்பும் முன் மேடம் ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளைக் கவனித்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டறிந்தார். மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் குழந்தைகளின் பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள்.

டம்ளரின் அடியில் காகிதத்தை அழுத்திவைத்து, அதைத் தலைகீழாக வாளித் தண்ணீரில் நேராக இறக்கினேன். வெளியே எடுத்தால் காகிதம் நனையவில்லை. "ஏன் நனையவில்லை?" என்று கேட்டுவிட்டு மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். அந்த அமைதி வகுப்பில் நிற்பவருக்குப் பெரிய வேதனை. கடைசி வரிசையில் அதுவரை வாய் திறக்காத ஒரு சிறுமி எழுந்தாள்: "தண்ணீர் போக இடமில்லை டீச்சர். உள்ளே ஏற்கெனவே காற்று உட்கார்ந்திருக்கிறது." உடனே பக்கத்திலிருந்தவன், "அப்படியானால் டம்ளரைச் சாய்த்தால் காற்று ஓடிவிடுமா?" என்றான். சாய்த்தோம். குமிழிகள் வந்தன. என் பாடக்குறிப்பில் இல்லாத அந்தக் கேள்வியில்தான் வகுப்பு சூடுபிடித்தது.

மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், குழந்தைகள் தங்கள் சந்தேகங்களைச் 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதுவார்களாம். அதைக் கேள்விப்பட்டு நானும் வகுப்பில் ஓர் அட்டைப் பெட்டி வைத்தேன். "மின்மினி ஏன் சுடுவதில்லை?" என்ற சீட்டுக்குப் பதில் தேடி நானே ஒரு மாலை முழுவதும் படித்தேன்.

ஆசிரியர் தகுதித் தேர்வு வேறு உலகம். முதல் தாளின் 150 மதிப்பெண்ணில், அறிவியலும் அடங்கிய சூழ்நிலையியலுக்கு 30. அங்கே டம்ளரும் வாளியும் கிடையாது, பாடநூலை வரிவரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் செய்து பார்த்த பாடங்கள் மறக்கவில்லை.

இந்த ஆண்டு சேருகிறவர்கள் சொந்தமாக ஒரு சோதனைப் பெட்டி சேர்த்துக்கொள்ளுங்கள்: கண்ணாடி டம்ளர், மெழுகுவர்த்தி, காந்தம், உருப்பெருக்கி, பலூன், செல், ஒயர். இழை பல்பு இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். எல்.ஈ.டி.தான் கிடைத்தது என்றால் அது ஒரு செல்லுக்கு எரியாது. சிவப்பு நிறத்தில் வாங்கி, இரண்டு செல்களை வரிசையாக இணைத்து, நடுவில் ஒரு சிறிய மின்தடையை வைத்து, நீளமான காலை நேர்முனைப் பக்கம் கொடுங்கள்.