மூன்று கேப்ஸ்யூல், ஒரு மாத்திரை

“ஒரே மருந்துதானே சார்?” என்று என் மருந்துக்கடைக் கவுண்டருக்கு முன்னால் நின்றவர் கேட்டார்.

“ஒரே மருந்துதாண்ணே. 3 மில்லிகிராம் மூணு சேர்ந்தா 9.”

பெயர் சரி, கூட்டலும் சரி. ஆனால் பதில் சரியா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: டேப் (அதாவது மாத்திரை) பியூடெசோனைடு 9 மி.கி., காலையில் ஒன்று, எட்டு வாரம். அதன் கீழே மெசலமின் 1.2 கிராம், காலையில் இரண்டு. இரண்டும் குடல் அழற்சியைத் தணிப்பவை, முதலாவது ஸ்டீராய்டு. நோய் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாவது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் நான்கு முறை, ரத்தத்தோடு போகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். 9 மி.கி. மாத்திரை தீர்ந்திருந்தது, ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து வர இரண்டு நாள் ஆகும். அதே பியூடெசோனைடில் 3 மி.கி. கேப்ஸ்யூல் அலமாரியில் இருந்தது. டாக்டரின் எண்ணுக்கு இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. கேப்ஸ்யூலை எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து நாளைக்கு 45. நான்கு அட்டை முழுதாக, ஐந்தாவது அட்டையைப் பாதியில் வெட்டி.

அந்தச் சீட்டில் எனக்கு எச்சரிக்கையாக இருந்தது ‘டேப்’ என்ற ஒரு சொல் மட்டும்தான். வேறு மருந்தாக இருந்தால் மாத்திரைக்குப் பதில் கேப்ஸ்யூல் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பியூடெசோனைடில் அப்படி விட்டுவிட முடியாது.

அந்தக் கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினால் கேழ்வரகு போலச் சின்னச் சின்ன மணிகள் விழும். ஒவ்வொரு மணிக்கும் மேலே ஓர் உறை. இரைப்பையின் அமிலத்தில் அது கரையாது. அமிலம் குறையக் குறைய ஏறுகிற பிஹெச் அளவு 5.5-ஐத் தாண்டிய பிறகு, அதாவது சிறுகுடலுக்குள் இறங்கிய பிறகுதான் கரையத் தொடங்கும். உள்ளே எத்தில்செல்லுலோஸ் என்ற பொருள் மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். பெரும்பகுதி மருந்து சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும், பெருங்குடல் வலப்பக்கம் மேலேறும் இடத்திலும் செலவாகிவிடும். கிரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் அடிக்கடி உட்காரும் இடம் அதுதான். அந்த இடத்தைக் குறிவைத்துச் செய்த கேப்ஸ்யூல் இது. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்ததும் அந்த நோய்க்குத்தான்.

9 மி.கி. மாத்திரையின் கட்டுமானம் வேறு. அதன் மேலுறை பிஹெச் 7 வரை தாக்குப்பிடிக்கும். சிறுகுடல் முடிகிற இடத்துக்கு வந்த பிறகுதான் அவிழும். அதற்கப்புறம் உள்ளிருக்கும் பொருள் நீரை உறிஞ்சி, ஊறவைத்த சப்ஜா விதை போல வழுவழுப்பாக உப்பி, பெருங்குடல் நெடுகப் போய்க்கொண்டே மருந்தைக் கசியவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறுகிற நோய். மருந்து கடைசிவரை போய்ச் சேர வேண்டும். இது அதே அமெரிக்காவில் 2013-இல்தான் அனுமதி பெற்றது. இரண்டு நோய், இரண்டு இடம், இரண்டு உறை. எழுத்தில் மட்டும் ஒரே பியூடெசோனைடு 9 மி.கி.

இதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். தெரிந்தும் “ஒரே மருந்துதாண்ணே” என்றுதான் வாயில் வந்தது.

அவர் அதோடு விடவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பையனுக்கு மிஷின்ல ஊத்துறதுலயும் இதே பேருதானே போட்டிருக்கு?” என்றார். எட்டு வயதுப் பையன், ஆஸ்துமா, வீட்டில் நெபுலைசர். உள்ளே இருப்பது அதே மருந்துதான் என்றேன். உண்மைதான். மூக்குக்கு அடிக்கும் ஸ்பிரேயில் ஒரு தடவைக்கு 64 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 அல்லது 200. நெபுலைசரில் ஊற்றும் சின்ன பிளாஸ்டிக் குப்பியான ரெஸ்ப்யூலில் 2 மில்லிக்கு 0.5 மில்லிகிராம், இல்லாவிட்டால் 1. அவர் ஒரு காலையில் விழுங்கப்போவது 9 மில்லிகிராம். பையனின் 0.5 ரெஸ்ப்யூலில் எண்ணினால் 18. 200 பஃப்பில் எண்ணினால் 45. மூக்கு ஸ்பிரேயில் எண்ணினால் 140-க்கு மேல்.

இவ்வளவு பெரிய அளவை விழுங்கச் சொல்லத் துணிவு எங்கிருந்து வருகிறது என்றால், கல்லீரலிலிருந்து. குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறும் பியூடெசோனைடு முதல் சுற்றிலேயே கல்லீரலில் சிக்கிக்கொள்ளும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே சிதைந்துவிடும். சிதைந்து வருகிற பொருள்களுக்கு மூல மருந்தின் வீரியத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. பிரெட்னிசலோன் என்ற வேறு ஸ்டீராய்டைப் போட்டால் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, தூக்கம் கெடுகிற அளவுக்கு இதில் ஆகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆகவே ஆகாது என்று சொல்ல முடியாது, குறைவு. தொட்ட இடத்தில் வேலை செய்து, உடம்புக்குள் பரவுமுன் அழிந்துபோகிற ஸ்டீராய்டு இது. அதனால் எந்த இடத்தில் அவிழ்கிறது என்பதே இந்த மருந்தின் பாதிக் குணம். உறையை மாற்றினால் மருந்தையே பாதி மாற்றியது போலத்தான்.

கல்லீரலின் அந்தக் காவலைத் தளர்த்துகிற மருந்துகள் உண்டு: கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், கிளாரித்ரோமைசின், ரிட்டோனவிர். கீட்டோகோனசோல் கூடச் சேர்ந்தால் ரத்தத்தில் பியூடெசோனைடு ஆறு மடங்குக்கு மேல் ஏறும். கிரேப்ஃப்ரூட் சாறே இரண்டு மடங்காக்கும். படர்தாமரைக்கு இட்ராகோனசோல் போடுகிறவர்கள் இப்போது வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள் என்பதால் அதை நான் கேட்டேன். போடவில்லை என்றார். மஞ்சள் காமாலை, கல்லீரல் கோளாறு உண்டா என்றும் கேட்டேன். இல்லை என்றார். அந்த இரண்டு கேள்வியும் கேட்டேன் என்பதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பையனுடைய மருந்தைப் பற்றி அதைவிட விரிவாகச் சொன்னேன். ரெஸ்ப்யூலில் இருப்பது கரைசல் இல்லை, மிதவை. வைத்த இடத்தில் மருந்து அடியில் தங்கும், அதனால் திறக்குமுன் மெல்லச் சுழற்றிக் கலக்க வேண்டும். சத்தமில்லாமல் ஓடுகிற அல்ட்ராசானிக் மிஷின் இதற்கு ஆகாது. தண்ணீர்தான் ஆவியாகப் போகும், மருந்து கிண்ணத்திலேயே கிடக்கும். கம்ப்ரசர் வைத்த ஜெட் மிஷின்தான் வேண்டும். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதி மருந்து அறைக்குத்தான் போகும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். மாஸ்க் பட்ட இடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். திணறல் வந்த நேரத்தில் இது கைகொடுக்காது, அதற்கு மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்புட்டமால். இது திணறல் வராமலிருக்கத் தினமும் வைப்பது.

அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மகனுடைய மருந்துக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவருடைய மருந்துக்கு அரை நிமிடம். “மூணையும் காலையில ஒண்ணா போடுங்க, மெல்லாதீங்க.” அவ்வளவுதான் சொன்னேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெம்பில்லாமல்தான் கேட்காத விஷயத்தை அத்தனை விளக்கினேனோ என்று பின்னால் தோன்றியது. வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள் என்பது காரணம் ஆகாது. அவர்கள் அந்த ஐந்து நிமிடமும் நின்றுகொண்டுதானே இருந்தார்கள்.

என் பக்கத்துக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்த 9 மி.கி. மாத்திரையைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்றான கோர் 2, 2014-இல் வெளிவந்தது. அதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு குழுவுக்கு இதே வகைக் கேப்ஸ்யூலை, 3 மி.கி. மூன்றாக, நாளுக்கு 9 கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்துக் குடலுக்குள் பார்த்தும் அறிகுறிகளைப் பார்த்தும் நோய் அடங்கியது என்று சொல்லத்தக்கவர்கள் மாத்திரைக் குழுவில் 17.4 சதவீதம், கேப்ஸ்யூல் குழுவில் 12.6, வெற்று மாத்திரைக் குழுவில் 4.5. ஆகவே நான் கொடுத்தது சும்மா கொடுத்த மருந்து இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு அதுவும் கேட்கும், கொஞ்சம் குறைவாக. ஆனால் மாத்திரையையும் கேப்ஸ்யூலையும் நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு வடிவமைத்த ஆய்வு இல்லை அது. இதை ஆதாரமாகப் பிடித்துக்கொள்ளும்போதே, கவுண்டரில் நின்ற நேரத்தில் இந்த எண்களை வைத்தா முடிவெடுத்தேன் என்ற கேள்வியும் வருகிறது. இல்லை. அலமாரியில் என்ன இருந்தது என்பதை வைத்து எடுத்தேன்.

சட்டம் இதில் இடமே வைக்கவில்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆம் விதி, உட்பிரிவு 11-ஏ: சீட்டில் எழுதிய ஷெட்யூல் ஹெச் மருந்துக்கு (டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் உள்ளது, பியூடெசோனைடும் அதில் உண்டு) பதிலாக, அதே பொருள் அடங்கியதானாலும் இல்லாவிட்டாலும், வேறொரு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. ‘அதே பொருள் அடங்கியதானாலும்’ என்பதை எழுதியவர்கள் இப்படி ஒரு கவுண்டரை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். சீட்டில் கம்பெனிப் பெயரே இல்லையே என்று நான் வாதாடலாம். ‘டேப்’ என்று இருந்ததே.

காத்திருக்கச் சொல்லியிருக்கலாமா? மெசலமின் கையில் இருந்தது. எட்டு வார மருந்தில் இரண்டு நாள் தள்ளிப்போனால் குடி முழுகிப்போயிருக்காது. ஆனால் ரத்தம் போகிற மனிதரை வெறுங்கையோடு அனுப்பினால் வேறு கடைக்குப் போவார், அங்கே யாரும் எதுவும் கேட்காமல் இதையே கொடுப்பார்கள். இந்த வாதம் எனக்கு மிகவும் வசதியாக இருப்பதாலேயே இதை நான் நம்புவதில்லை. இடைவழி ஒன்று இருந்தது: இரண்டு நாளைக்கு மட்டும் ஆறு கேப்ஸ்யூல் கொடுத்து, இது வேறு உறை போட்டது, டாக்டரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எண்ணை வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் விதிக்கு உட்பட்டதில்லைதான். ஆனால் பொய்யாக இருந்திருக்காது.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. “கேக்குது சார். ரெண்டு தடவையா குறைஞ்சிருச்சு, ரத்தம் இல்ல.” சந்தோஷமாக இருந்தது. கூடவே, மெசலமினும்தானே உள்ளே போனது, எதனால் கேட்டது என்று யார் சொல்வது என்ற எண்ணமும் ஓடியது. இந்தத் தடவை கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கொலனோஸ்கோப்பி அறிக்கையில் மலக்குடலிலும் இடப்பக்கப் பெருங்குடலிலும் நோய். வலப்பக்கம் சுத்தம். முதல் நாளும் இதே கோப்பு அவர் கையில்தான் இருந்தது. டாக்டரும் இந்தத் தடவை போனை எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மீதி நாளுக்கு மாத்திரைக்கே போய்விடலாம் என்றார்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. “கேக்குற மருந்த எதுக்கு சார் மாத்துறீங்க? அன்னிக்கு ரெண்டும் ஒண்ணுன்னுதானே சொன்னீங்க?”

அன்று தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். மருந்து ஒன்று, அவிழ்கிற இடம் வேறு என்று பில் பின்னால் குடலை வரைந்து காட்டினேன். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, உடைத்தால் அந்த ஏற்பாடே போய்விடும். கேப்ஸ்யூலாவது விழுங்க முடியாதவர்கள் திறந்து மணிகளை மெல்லாமல் விழுங்கலாம், இதில் அதுவும் முடியாது. நெஞ்செரிச்சலுக்குக் கண்டபடி மாத்திரையோ டானிக்கோ குடிக்க வேண்டாம், அமிலம் குறைந்தால் உறை முன்னதாகவே கரையக்கூடும். முக்கியமாக, மிச்சமிருக்கிற கேப்ஸ்யூலை மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, 9-க்குப் பதில் 18 ஆகிவிடும். இதைப் பெட்டி மேலேயும் பேனாவால் எழுதினேன்.

மிச்சத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். வெட்டிய அட்டையில் ஐந்து, இன்னோர் அட்டையில் ஒன்று. ஆறு. இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். நன்றாகக் கேட்ட மருந்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஆறையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாத்திரைப் பெட்டியைக் கையில் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.