மாசி வீதியில் சித்திரை

ஏப்ரல் 12, 2024, வெள்ளி

மீனாட்சி கோயிலில் கொடி ஏறிவிட்டது. நான் கோயிலுக்குப் போகவில்லை. எதிர் வீட்டு அக்கா டிவியில் பார்த்துவிட்டு, பால்கனியில் நின்று கோபுரம் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டார். நானும் ஈரத்துணியோடு ஒரு கும்பிடு.

"கொடியேறிருச்சு. இனி ஒருத்தரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது" என்றார் அத்தை. வருஷா வருஷம் சொல்வதுதான். எனக்குப் போக வேண்டிய இடம் ஆட்டோவில் இருபது நிமிடம். பத்து நாளாகும், நாங்களே கூப்பிடுவோம் என்று புதன்கிழமை சொன்னார்கள். வேலை நாளா, வெறும் நாளா என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

சுவாமி பூதத்தில், அம்மன் அன்னத்தில். போன் வரவில்லை. மூன்று நாளில் எப்படி வரும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாமல் இருப்பதே இவருக்கு ஏதோ சந்தேகம் என்று தோன்ற வைக்கிறது. கொழுப்புக் கட்டி, ஊசி குத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரவு சுவாமி கைலாச பர்வதத்திலும் அம்மன் காமதேனுவிலும் வந்தார்கள். கோவையிலிருந்து போன் பேசிய நாத்தனார் மகள், "சித்திரைத் திருவிழாவுக்கு சாமி ஏன் அத்தை மாசி வீதியில வருது, சித்திரை வீதிதான் தனியா இருக்கே?" என்றாள். நல்ல கேள்வி. கல்யாணம் முன்பு மாசியில்தான் நடந்ததாம், திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்றேன். மாதம் மாறியது, வீதி மாறவில்லை. "அப்ப தப்பு நாயக்கர் மேலதான்" என்றாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று தங்கக் குதிரை. சுவாமி எங்கள் வாசலைத் தாண்டும்போது மணி என்ன என்று பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் போனைத்தான். சிக்னல் இருக்கிறதா, சைலண்டில் விழுந்துவிட்டதா, தெரியாத எண் வந்தால் ஸ்பாம் என்று அதுவாகவே தள்ளிவிடுகிறதா. மகனைக் கூப்பிட்டு அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். "எதுக்கும்மா, யார் கூப்பிடப் போறா?" என்றான். கேஸ் சிலிண்டர்காரர் என்றேன். சிலிண்டர் போன வாரம்தான் வந்தது. அவனுக்குத் தெரியாது, ஓசூரில் இருக்கிறான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதன் கொடுத்தது. வியாழன் ரம்ஜான். ஞாயிறு லீவு. வெள்ளிக்கிழமை தேர்தல். மறுபடி ஞாயிறு. 23ஆம் தேதி அழகர் வைகையில் இறங்குவதற்கு உள்ளூர் விடுமுறை. வேலை நாளாக எண்ணினால் இந்தத் திருவிழா முடியும் வரை எனக்கு விடுதலை கிடையாது. வெறும் நாளாக எண்ணினால் திருக்கல்யாணத்துக்கு முந்தின நாள். எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 17, புதன்

வெயில். ரிஷபம் வந்தபோது தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

நாத்தனார் குடும்பம் வந்து இறங்கியது. ஏழு பேர், நாலு பெட்டி, ஒரு தர்பூசணி. "மதினி, இளைச்சுட்டீங்க!" என்று வாசலிலேயே கட்டிக்கொண்டாள். இடது பக்கம் அழுந்தி வலித்தது. சிரித்தேன். வீடு நிறைந்துவிட்டது, இனி யோசிக்க நேரமிருக்காது. நல்லது.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் ஓட்டு, ராத்திரி பட்டாபிஷேகம். விரலில் மையோடு போய் வேப்பம்பூ மாலை போட்ட மீனாட்சியைக் கும்பிட்டிருக்கிறது இந்த ஊர். செங்கோல் அம்மன் கைக்கு வந்துவிட்டது, ஆவணி வரை அவள் ஆட்சி. "நம்ம ஆத்தாளுக்கு எண்ணிக்கை ஜூன் 4 வரை காத்திருக்க வேண்டாம்" என்றார் கொழுந்தனார். எல்லோரும் சிரித்தார்கள். காத்திருப்பதைப் பற்றிய ஜோக்குகள் எனக்கு இந்த மாதம் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20, சனி

திக்விஜயம். பத்து நாள் முடிந்தது. ஆக, வேலை நாள்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருக்கல்யாணம். டிக்கெட்டும் இல்லை, தெம்பும் இல்லை. பெண்கள் எல்லோரும் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பெண்ணைத் தாரை வார்க்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும், கூடவே முருகனும் தெய்வானையும் திருப்பரங்குன்றத்திலிருந்து வந்தாயிற்று. தட்டில் மஞ்சள் கயிறு, குங்குமம், பூ. அங்கே மேளம் கொட்டும்போதே இங்கே எல்லோரும் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஆளாளுக்குக் கழுத்தும் கையுமாக ஒரே நெருக்கடி. பழைய கயிறு வியர்வையில் விறைத்துப்போய் முடிச்சு அவிழவில்லை. நாத்தனார், "இருங்க மதினி, நான் பாக்குறேன்" என்று முந்தானையை விலக்கப் போனாள். சட்டென்று தள்ளி உட்கார்ந்துவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன். தாலிக் கயிற்றை வெட்டலாமா என்று அத்தை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. நல்லவேளை, அவர் கண்ணை மூடிக்கொண்டு டிவியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

புதுக் கயிறு பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடத்தில் வந்து கிடந்தது. மஞ்சள் ஈரம் பிளாஸ்டரின் ஓரத்தில் ஊறி, மாலைக்குள் அதுவாகவே உரிந்து வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை, கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி.

இவரும் கொழுந்தனாரும் சேதுபதி பள்ளிக்குப் போய் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வந்தார்கள். ஐம்பது ரூபாய். "பொண்ணு வீட்டுக்கா, மாப்பிள்ளை வீட்டுக்கா எழுதினீங்க?" என்றேன். மதுரைக்காரன் எந்தக் காலத்திலும் பொண்ணு வீடுதான் என்றார்.

இன்று மாலைதான் அழகர் மலையைவிட்டுக் கிளம்புகிறார். தங்கை கல்யாணம் முடிந்த பிறகு. தாமதமாக வருபவர்கள்மேல் எனக்கு இப்போது தனிக் கோபம்.

ஏப்ரல் 22, திங்கள்

தேர். எங்கள் வீட்டு மாடி இன்று சொந்தக்காரர்களுக்கே சொந்தம். நான் மட்டும் கீழே வாசலில் நின்றேன். தேர் வருகிறது என்பது முதலில் காலில்தான் தெரியும், தரை லேசாக அதிரும். பெரிய தேரில் சுவாமியும் பிரியாவிடையும், அடுத்த தேரில் அம்மன். மேலே பார்க்க வேண்டியதுதான், நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு. சக்கரம் உருண்டு வரும்போது பின்வாங்கிக்கொண்டே, கட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, சரியான நொடியில் அதன் வாயில் செருகிவிட்டு விலகுகிறார். கட்டை நசுங்கி நார் நாராகப் பிய்கிறது. தேர் ஒரு முனகலோடு நிற்கிறது. அவர் அடுத்த கட்டையைக் குனிந்து எடுக்கிறார். ஆயிரம் பேர் இழுக்கிறார்கள், நிறுத்துவது இவர். நெற்றியைக் கூடத் துடைக்கவில்லை.

திங்கள்கிழமை, வேலை நாள். போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். "டாக்டர் சைன் பண்ணணும்மா" என்றார் அந்தப் பெண். திருவிழா ட்ராஃபிக்கில் டாக்டர் வரவில்லையாம்.

விடிகாலையில் மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை. பிள்ளைகள் சர்க்கரைச் செம்பும் சூடமுமாகப் போனார்கள். வழியெங்கும் நானூறுக்கு மேல் மண்டகப்படியாம், எல்லாவற்றிலும் ஏறி இறங்கித்தான் வருவார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கிளம்பினோம். யானைக்கல் வரை நடை. அத்தைக்கு எழுபத்தெட்டு, எங்களுக்கு முன்னால் போனார். வழியெல்லாம் நீர்மோர், பானகம், யாரோ ஒருவர் அந்த இருட்டில் சுடச்சுடப் புளியோதரை. சின்னவன் இரண்டு தரம் வாங்கினான்.

எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, அழகருக்கு என்ன பட்டு. பெட்டிக்குள் கையைவிட்டு பட்டர் எடுக்கும் கலர்தான். பச்சை என்றால் விளைச்சல், சிவப்பென்றால் சரியில்லை. பக்கத்தில் நின்ற அம்மா, "எதுவா இருந்தாலும் பெட்டிக்குள்ள ஏற்கெனவே மடிச்சு வச்சதுதானே" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. ஆமாம். ஏற்கெனவே மடித்து வைத்ததுதான். எங்கோ ஒரு மேஜையில், கையெழுத்துக்காக.

ஆறு மணி வாக்கில் கூட்டம் ஒரே குரலாகக் கோவிந்தா போட்டது. எனக்கு முன்னால் ஒரு அப்பா, தோளில் குழந்தை. குழந்தையின் இரண்டு காலுக்கு நடுவில்தான் பார்த்தேன். தங்கக் குதிரை, ஆண்டாள் மாலை, பச்சை. பச்சை! அத்தை என் கையைப் பிடித்து ஆட்டினார். நானும் கத்தினேன், தொண்டை கட்டும் வரை. அந்த நேரத்தில் வேறு எதுவுமே ஞாபகமில்லை, சத்தியமாக.

அணையிலிருந்து விட்ட தண்ணீர், முழங்கால் கூட இல்லை. போய் நின்றோம். மதியம் ராமராயர் மண்டகப்படிப் பக்கம் தோல்பையால் தண்ணீர் பீய்ச்சினார்கள். நனைந்துபோய் வீட்டுக்கு வந்து, எட்டுப் பேர் கூடத்தில் வரிசையாக விழுந்து தூங்கினோம்.

ஏப்ரல் 24, புதன்

மண்டூக முனிவருக்கு மோட்சம். எனக்கு இரண்டு மிஸ்டு கால். மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, வந்த அன்றைக்கு மிக்ஸி. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. நாத்தனார் ராத்திரி தசாவதாரம் பார்க்கக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். கோபித்துக்கொண்டாளா தெரியவில்லை. திருக்கல்யாணத்தன்று தள்ளியதையே இன்னும் மனதில் வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 25, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. போனில் சொல்ல மாட்டார்களாம். நல்லபடியாக இருந்தால் போனிலேயே சொல்வார்களா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா? அந்தப் பெண்ணின் குரல் எப்படி இருந்தது? சாதாரணமாகத்தான் இருந்தது. அவளுக்கு அது சாதாரணம்தானே. நாளை பதினொரு மணி. கூட யாராவது வாங்க என்றாளா, வாங்க என்று மட்டும் சொன்னாளா? கூட்டிவர என்ன, தனியாகப் போகிறேன்.

இன்றைக்கு ராத்திரி பூப்பல்லக்கு. இதற்குப் போகிறேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

தல்லாகுளத்திலிருந்து வீடு வரும்போது மணி நாலரை. பல்லக்கு முழுக்கப் பூ, உள்ளே அழகர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நாத்தனாரிடம் சொல்லிவிடலாம் என்று வழியில் இரண்டு தரம் வாயெடுத்தேன். அவள் ஆட்டோவிலேயே என் வலது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

குளித்தாயிற்று. இவர் ஆபீஸ் போய்விட்டார். அத்தை வாசலில் பூ கட்டிக்கொண்டு, "எங்கத்தா கிளம்பிட்ட?" என்றார். தயிர் வாங்க என்றேன். தயிரும் வாங்க வேண்டியதுதான், மத்தியானத்துக்கு இல்லை.