மச்சான் கேட்ட துவக்கு

விடுமுறைக்குக் கொக்குவில் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகவில்லை, ரொறன்ரோவிலிருந்து மாமாவின் மகன் வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொண்டான். "அத்தான், லைசென்ஸ் வந்திட்டுது, என்ன துவக்கு வாங்கிறது?" நான் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருந்தேன். விறாந்தையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த ஊரில் அந்தச் சொல் அப்படித்தான். கடதாசியில் ஓட்டை போடுகிற விளையாட்டு அம்மா என்றேன். "அதுக்கு ஊசி காணாதோ?" என்றார். போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அவனுக்கு .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிற பெரிய தோட்டா அடிக்கிற துவக்கு வேணுமாம், ஒரு கிலோமீற்றருக்கு அடிக்க வேணுமாம். எல்லாரும் தொடங்குகிற இடம் அதுதான், நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். ஆனால் பெரிய தோட்டா தோளில் உதைக்கிற உதையில், விசையை இழுக்க முதலே கண்ணை மூடுகிற பழக்கம் வந்துவிடும், பிறகு அதை மறப்பதற்கே ஒரு வருசம் போகும். அதனால் முதலில் சின்னத் தோட்டா அடிக்கிற ஒரு நல்ல .22, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துப் பூட்டுகிற போல்ட் அக்‌ஷன் வாங்கு என்றேன். டிக்கா டி1எக்ஸ், சி.இசட். 457, இரண்டில் எது கையில் வடிவாகப் பொருந்துதோ அது. ஒரு மேக்னம் தோட்டாவின் விலைக்கு .22 ஒரு பிடி கிடைக்கும். 50 மீற்றருக்குச் சரிபார்த்த .22 சன்னம் 200 மீற்றரில் ஒரு மீற்றருக்கும் அதிகமாகக் கீழே விழும், 16 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே காற்றடித்தால் ஏறத்தாழ ஒரு முழம் தள்ளுப்படும். பெரிய துவக்குக்காரர் தூரத்தில் படுகிற பாட்டை நீ பக்கத்திலேயே பட்டுப் பழகலாம்.

அடுத்த வருசம் ஆசை குறையவில்லை என்றால் 6.5 கிரீட்மோர் தோட்டா அடிக்கிறது ஒன்று வாங்கு. 2007இல் ஹோர்னடி கம்பனி கொண்டுவந்த தோட்டா அது. 1952இல் வந்த .308 தோட்டாவை விட உதை குறைவு, காற்றிலும் குறைவாகத்தான் விலகும், ஆனால் குழல் கெதியாகத் தேயும்.

குறிபார்க்கிற ஸ்கோப்பில்தான் நான் சூடு கண்ட பூனை. மலிவாக ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். ஸ்கோப்பின் குமிழை மில் என்கிற கோண அலகில் திருகுவோம்; 100 மீற்றரில் 1 மில் என்றால் 10 சென்றிமீற்றர், ஆகவே 10 மில் ஏற்றினால் சன்னம் சரியாக ஒரு மீற்றர் மேலே போக வேணும். உயரமான கடதாசி ஒட்டி, நேர்கோடு கீறி, அடித்துவிட்டு அளந்தால் 92 சென்றிமீற்றர். அதுவரைக்கும் மாதக்கணக்காகக் காற்றையும் என் மூச்சையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! அதனால் றைபிளுக்குக் கொடுக்கிற அளவு காசை ஸ்கோப்புக்கும் ஒதுக்கு. குமிழும் உள்ளே தெரிகிற குறுக்குக் கம்பியும் ஒரே அலகில் இருக்க வேணும், ஒன்று மில்லிலும் மற்றது எம்.ஓ.ஏ. என்கிற இன்னொரு கோண அலகிலும் இருந்தால் படுத்திருந்து கணக்குச் செய்வாய். முதல் குவியத் தளத்தில் கம்பி இருக்கிறதாகப் பார், உருப்பெருக்கத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கம்பியில் எடுக்கிற மில் கணக்கு மாறாது. கண் அசைந்தால் கம்பி இலக்கில் நகருகிற மாதிரித் தெரிகிற இடமாறு தோற்றப் பிழையைத் திருத்துகிற குமிழும் வேணும், .22க்கு அது கிட்டத்துக்கும் இறங்க வேணும். துவக்கில் ஸ்கோப்பைப் பூட்டுகிற தண்டவாளம் 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ளதாக எடு, இல்லாவிட்டால் தூரத்துக்கு ஏற்றும்போது குமிழ் முட்டிக்கொண்டு நிற்கும்.

"25 மடங்கு உருப்பெருக்கம் காணுமா?" என்றான். நான் நின்ற இடத்திலிருந்து வெளியே தார் ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது, மத்தியான வெயில். சோழகக் காற்று தள்ளுகிற பக்கமாக அது சரிந்து ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் 25இல் வைத்தால் இலக்கு தண்ணிக்குள் கிடக்கிற காசு மாதிரி ஆடும், 12க்கு இறக்கிவிட்டுக் கானல் எந்தப் பக்கம் ஓடுது என்று பார், காற்று அதிலேயே எழுதியிருக்கும் என்றேன். சின்ன வயதில் வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றினவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். .22தான் வாங்கியிருக்கிறான், 200 மீற்றரில் பத்து ஓட்டை, எல்லாம் வலப்பக்கம். காற்று எங்கேயிருந்து என்று கேட்டேன். "பார்க்கேல்லை அத்தான்" என்று பதில்.