தேரி மணலில் சிக்கிய அம்பாசிடர்

1:43 அளவில், அதாவது நிஜத்தில் 43-ல் ஒரு பங்காக, ஒரு வெள்ளை அம்பாசிடர் மாடல் கார் என் அலமாரியில் ரொம்ப நாளாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. நிஜக் கார் நாலேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இது 10 செ.மீ. எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் கண்ணாடித் தட்டில் நிற்கிறவரை அது பொம்மைதான். காலடியில் மண் வந்தால்தான் வண்டிக்குக் கனம் வரும் என்பது என் கட்சி.

எந்த மண் என்பதில் யோசனையே இல்லை. மாமா ஊர் திசையன்விளைப் பக்கம். அங்கே இருக்கிற தேரி என்கிற செம்மணல் மேடுதான். அம்பாசிடர் பின்சக்கரம் இழுக்கிற வண்டி. மணலில் மாட்டினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்பக்கம் குழி பறித்துக்கொண்டே இறங்கும். பனை மட்டையை டயருக்கு அடியில் செருகி, நாலு பேர் தள்ளினால்தான் வெளியே வரும். அதைத்தான் செய்ய நினைத்தேன்.

மரப்பலகை மேல் எக்ஸ்பிஎஸ் என்கிற கெட்டி ஃபோம் பலகை ஒட்டி, மேடு பள்ளம் செதுக்கி, பின்சக்கரங்களுக்கு மட்டும் குழி எடுத்தேன். தெர்மோகோல் வேண்டாம், அறுத்தால் வீடெல்லாம் உருண்டை பறக்கும்.

மணலில்தான் விஷயமே இருக்கிறது. தேரி சிவப்பாக இருப்பது மணல்மணிகள் மேல் படிந்த இரும்பு ஆக்ஸைடால். அங்கே எங்கள் தோட்டத்துத் தேரி மண் ஒரு டப்பா கொண்டுவந்து, பூச்சி முட்டை போக வாணலியில் லேசாகச் சூடுபடுத்தினேன். கழுவக் கூடாது, கழுவினால் நமக்கு வேண்டிய தூள்தான் முதலில் போகும். நிஜ மணலைக் கொட்டினால் நிஜம் போல இருக்கும் என்று நினைப்போம், இருக்காது. கால் மில்லிமீட்டர் மணி, 43 மடங்கு பெருக்கினால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். அது மணல் இல்லை, ஜல்லி. அதனால் அடியில் மணல், அதன் மேல் பழைய வேட்டித் துணியில் சலித்த தூள். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, கூடவே பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை தூளுக்குள் இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். ஈரம் காய்வதற்குள் இன்னொரு பழைய மாடலின் டயரை உருட்டித் தடம் பதித்துவிட வேண்டும். காய்ந்ததும் நிறம் ஒரு படி கறுத்துவிடும். வெளிர் ஆரஞ்சு அக்ரிலிக்கை உலர்ந்த பிரஷில் தொட்டு மேடுகளில் மட்டும் தேய்த்தால் வெயில் அடித்த மாதிரி வந்துவிடும்.

அப்புறம் பனை. 13 மீட்டர் மரம் என்றால் மாடலில் 30 செ.மீ., அதாவது கார் நீளத்தைப்போல மூன்று மடங்கு உயரம். டயோராமா என்கிற இந்த மாதிரிக் காட்சி மாடல்கள் பலவற்றில் மரத்தைக் குட்டையாக்கிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. ஓரத்தில் முழு உயரத்துக்கு ஒரே ஒரு பனை, மற்றதெல்லாம் வடலி, அதாவது இளம்பனை. தண்டுக்கு மர உருளை. அடியில் எம்-சீல் அப்பிப் பருமனாக்கி, கம்பி பிரஷால் குறுக்கே கீறினேன். பனைத் தண்டு கருஞ்சாம்பல் நிறம், பழுப்பு அடித்தால் தென்னையாகிவிடும். ஓலைக்கு 3 செ.மீ. காகித வட்டம், சேலைக் கொசுவம் மாதிரி மடித்து, விளிம்பிலிருந்து பாதி ஆழம்வரை கத்தரித்து, செம்புக் கம்பியில் ஒட்டினேன். பச்சையில் சாம்பல் கலக்க வேண்டும். கீழ் வரிசை காவோலைகளைப் பழுப்பாகத் தொங்கவிட்டேன்.

படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். உடனே போன். "பனைக்குக் கீழ இவ்வளவு சுத்தமாவா மாப்ள இருக்கும்?" நியாயமான கேள்வி. கருக்கு மட்டைத் துண்டு, மட்டை அடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடைக்குக் கொஞ்சம் சணல் நார், சின்ன மிளகைப் பாதியாக வெட்டிச் செய்த நுங்குக் கூந்தல் (நுங்கு எடுத்தபின் மிஞ்சும் காய்) எல்லாம் போட்டதும் அந்த மூலைக்கே உயிர் வந்தது.

காரின் பளபளப்பை மேட் வார்னிஷ் அடித்துக் கொன்றேன். அதே தேரித் தூளைச் சக்கர வளைவு, கதவின் கீழ்ப்பகுதி, டிக்கி மூடி என்று பூசினேன். ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழல்வதால் டிக்கியில்தான் புழுதி அதிகம் படியும். முன் கண்ணாடியில் வைப்பர் துடைத்த அரைவட்டத்துக்கு டேப் வெட்டி ஒட்டி, தூள் தூவி, உரித்தேன். இந்த ஒரு வேலைக்காகவே இன்னொரு கார் செய்யலாம்.

இனி தள்ளுவதற்கு ஆள் வேண்டும். பிரிட்டிஷ் ஓ கேஜ் ரயில் பொம்மை மனிதர்கள் ஏறக்குறைய இதே அளவு, பொருந்துவார்கள். ஆனால் எல்லாரும் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார்கள். தொப்பியைச் செதுக்கி எடுத்தாயிற்று. எம்-சீலில் வேட்டியை மடித்துக் கட்டுவதுதான் இப்போது நடக்கிறது.