சென்ட்ரல் லாக் மக்கர் பண்ணுதா? மோட்டாரை மாற்றுமுன் பல்பு போட்டுப் பாருங்கள்

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் ஓடும் கார்களில் சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை என்றால் கடையில் முதலில் வரும் பதில், "மோட்டார் போச்சு, மாத்திரலாம்." பல நேரம் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். உப்புக் காற்று கை வைத்திருப்பது வயரிலும், வயர்களைச் சேர்க்கும் கப்ளரிலும், பாடியோடு சேரும் எர்த்திலும்தான்.

நான்கு கதவும் மொத்தமாகச் செத்திருந்தால் ஃபியூஸ், பேட்டரி, ரிலே என்று பாருங்கள். டிரைவர் கதவு சுவிட்சில் வேலை செய்து ரிமோட்டில் மட்டும் செய்யாவிட்டால் ரிமோட் செல்லை மாற்றுங்கள். பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032தான் இருக்கும், கழற்றிய செல்லில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பூட்டிய வேகத்தில் எல்லாக் கதவும் தானாகத் திறந்துகொண்டால், டிரைவர் கதவு முழுசாகப் பூட்டாமல் பாதியில் திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

ஒரே ஒரு கதவு மட்டும் அடம் பிடித்தால், கீல் பக்கம் பாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்தான் முதல் சந்தேகம். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே வயர் மடங்கி மடங்கி இழை இழையாக அறும். வெளியே தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு பச்சை பூத்து நிற்கும்.

இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். கப்ளரைக் கழற்றி, 20 வோல்ட் டிசியில் வைத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் பூட்டும்போது ஒரு நொடிக்கும் குறைவாக 12 வந்து போகும். திறக்கும்போது மைனஸ் 12. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் அதே 12-ஐத்தான் காட்டும். மோட்டார் இழுக்கும் கரண்டை அந்த இழை தாங்காது. அதனால் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை அந்த இரண்டு வயரிலும் மாட்டி ஸ்விட்சை அழுத்துங்கள். பளிச்சென்று மின்னினால் வயர் சரி, கோளாறு மோட்டாரிலோ, கதவைப் பிடித்துப் பூட்டும் லாட்ச்சிலோதான். மங்கலாக மின்னினாலோ மின்னாவிட்டாலோ மோட்டாருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊரில் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. அதே தடிமனில் வளையக்கூடிய புது வயரை ரப்பர் குழாய் வழியாக விட்டு, ஒட்டு இரண்டையும் மடங்காத இடத்தில் வையுங்கள்: ஒன்று பாடிக்குள், ஒன்று கதவுக்குள். சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும், மடங்கினால் அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். ஒட்டின் மேல், உள்ளே பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். கப்ளர் பின்களை கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள்.

மோட்டார் சத்தம் கேட்டும் குமிழ் நகராவிட்டால் ராடு கிளிப் கழன்றிருக்கும், அல்லது மோட்டாருக்குள் பல்சக்கரத்தின் பல் உடைந்திருக்கும். இழுத்து இழுத்து நகர்ந்தால் லாட்ச் காய்ந்திருக்கிறது. மணலோடு சேர்ந்த பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில் இரண்டும் வேண்டாம், கச்சான் காற்று வீசும் காலத்தில் பறக்கும் மணலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டாமல் விடாதீர்கள். ஸ்பீக்கர் மாட்ட வருகிறவர்கள் கிழித்துப் போட்டுவிட்டுப் போவது வழக்கம்; கதவுக்குள் இறங்கும் தண்ணீர் அப்புறம் டோர் பேடுக்குத்தான் வரும். கிளிப் நாலைந்து உடையும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கின்றன. அரிச்சல்முனை போய் வந்தால் அவற்றை ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அதை வைத்துக் கழுவினால் உப்பைக் கதவுக்குள் ஊற்றுவதுதான். மாதம் ஒரு தடவையாவது ரிமோட்டை விட்டுவிட்டுச் சாவியைப் போட்டுத் திறங்கள். சாவித் துவாரம் இறுகினால் பேட்டரி படுத்த அன்றைக்குக் கதவே திறக்காது.