ஒப்பிக்காதே

தமிழய்யா மறைந்த செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது வேலையில் இருந்தேன். எல்லாரையும் போல "ஆழ்ந்த இரங்கல்" என்று தட்டிவிட்டேன். இரவு வீட்டில் வாய் தன்னால் மனோன்மணீயம் நாடகத்து ராஜா ஜீவகனின் வசனத்தை முணுமுணுத்தது. மேடையில் நான் ஒருநாளும் பேசாத வசனம்.

ஆண்டு விழாவுக்கு அவர் மனோன்மணீயத்தை எடுத்ததும் நாம் முனகியது நினைவிருக்கும். சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகம்; 4,000 அடிகளுக்கு மேல், பெரும்பாலும் அகவல் என்னும் செய்யுள். நடிப்பதைவிடப் படிக்கத்தான் ஏற்றது என்பார்கள். "அப்புறம் ஏன் சார் நடிக்கணும்?" என்று கேட்டவன் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான்.

ஜீவகன் வேடம் முதலில் எனக்குத்தான். மனப்பாடத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திமிரும் இருந்தது. ஒத்திகையில் அடிக்கு அடி நிறுத்தி, கடைசி ஏகாரத்தை இழுத்துப் பொழிந்தேன். ஐயா கையமர்த்தினார்.

"மந்திரி குடிலனை ராஜா ஏன் இவ்வளவு நம்புகிறான்?"

"அது பரீட்சைக்கு வராது சார்."

எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. "நீ ஒப்பிக்கிறாய். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடு."

அழுதேன், சரி, அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. கையில் தந்த அவருடைய பிரதி முழுக்கப் பென்சில் கோடுகள். அடி முடியும் இடத்தில் அல்ல. இரண்டு சீர்களுக்கு நடுவில், பேசுகிறவன் யோசிக்கும் இடத்தில். அங்கே நிறுத்திப் படித்தால் பாட்டு பேச்சாகிவிடும். குடிலன் புகழப் புகழ, ராஜா தனக்குப் பிடித்ததை மட்டுமே காதில் வாங்குவது அப்போதுதான் புரிந்தது.

விழா அன்று, போரில் தோற்ற ஜீவகன் புலம்பும் இடம். என் வேடத்தைப் போட்டவன் பாதி அடியில் நின்றுவிட்டான். நான் வாயைத் திறந்தேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "பொறு. அவன் தோற்றிருக்கிறான்." அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அப்புறம் குரல் வந்தது, உடைந்து. அப்படி ஒரு கைதட்டல்!

பல வருடம் கழித்து அவனிடம் கேட்டேன். "சத்தியமா மறந்துபோச்சுடா" என்றான்.

ஐயாவுக்கு அது தெரியுமா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு லீவிலும் நினைப்பேன். இரண்டு வார லீவு, ஒரு கல்யாணம், நாலு வீட்டு விருந்து. அடுத்த தடவை, அடுத்த தடவை என்றே போய்விட்டது.

அந்தப் பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை, எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே. அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.